அறுபது தாண்டின சைக்கிள்காரருக்கு அந்தப் பழைய சைக்கிள் மேல ஏன் இவ்வளவு பிரியம்?

கேள்வி சுருக்கமா இதுதான். அப்பாவுக்கு 66 வயசு, ரிட்டையர் ஆனதுல இருந்து சைக்கிளே கதின்னு இருக்கார், வீட்ல மூணு சைக்கிள் நிக்குது, அதுல ஒண்ணு நாப்பது வருஷத்துப் பழசு, லெதர் சீட்டுக்கு மெழுகு தேய்க்கறார், ஓட்டின கிலோமீட்டரை நோட்டு போட்டு எழுதறார், ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு அப்புறம் ஃப்ரெண்ட்ஸோட ஒரு மணி நேரம் காபி குடிச்சு பேசிட்டுதான் வீட்டுக்கு வர்றார். இதெல்லாம் நார்மலா, இந்த வயசுல இவ்வளவு ஓட்டறது உடம்புக்கு ஆகுமா, பிறந்தநாளுக்கு புது கார்பன் சைக்கிள் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு அந்தப் பழசை எடுத்துடலாமா?

பழசை மட்டும் எடுத்துடாதீங்க. மத்ததுக்கு பதில் கொஞ்சம் நீளமாதான் வரும், ஏன்னா நீங்க கேட்ட ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கு, அது தெரிஞ்சா அப்பா பண்றது வேற மாதிரி தெரியும். நான் ரொம்ப வருஷமா இந்த மாதிரி ஆளுங்களோடதான் ஓட்டறேன், அவங்க சைக்கிளை ரிப்பேரும் பண்றேன். அதுல நான் திரும்பத் திரும்பப் பாத்தது என்னன்னா, அறுபதுக்கு மேல சைக்கிளை விடாம ஓட்டறவங்க யாருமே "உடம்புக்கு நல்லது"ன்னு மட்டும் ஓட்டறவங்க கிடையாது. டாக்டர் சொன்னார்னு ஆரம்பிச்சவங்க முக்காவாசி பேர் கொஞ்ச மாசத்துல நிறுத்திடறாங்க. மெழுகு, நோட்டு, காபி, பழைய பார்ட்ஸ் தேடறதுன்னு ஏதாவது ஒரு சின்ன ஆசை ஒட்டிக்கிட்டவங்கதான் எண்பது வரைக்கும் வர்றாங்க. அதனால அந்த ஆசைகளை வேண்டாத செலவு, வேண்டாத நேரம்னு கழிச்சுக் கட்டினா சைக்கிளும் சேந்து போயிடும், அதான் என் பயம்.

முதல்ல அந்த லெதர் சீட்டு. அதுல பஞ்சும் கிடையாது ஜெல்லும் கிடையாது, கனமான ஒரே தோல், முன்னாடி மூக்குலயும் பின்னாடியும் ரிவெட் அடிச்சு தொட்டில் கட்டின மாதிரி இழுத்துக் கட்டியிருப்பாங்க. ப்ரூக்ஸ் கம்பெனி இதுல பேர் போனது, 1866ல பர்மிங்காம்ல குதிரைச் சேணமும் தோல் சாமானும் செய்ய ஆரம்பிச்சவங்க, அவங்களோட பி17 மாடல் நூறு வருஷத்துக்கு மேலயும் பெருசா மாறாம இன்னும் வந்துக்கிட்டிருக்கு. புதுசுல அது பலகை மாதிரி கெட்டியா இருக்கும், முதல் சில மாசம் வலிக்கும், ஆனா ஓட்ட ஓட்ட உக்கார்ற இடத்து ரெண்டு எலும்பும் அழுத்தற எடத்துல தோல் கொஞ்சம் கொஞ்சமா பள்ளம் விழுந்து அந்த ஆளோட உடம்புக்கே ஏத்த வடிவத்துக்கு வந்துடும், அதுக்கப்புறம் வேற யார் உக்காந்தாலும் அவங்களுக்கு அது சரியா வராது, அதனாலதான் இவங்க சைக்கிளை யாருக்கும் குடுக்க மாட்டாங்க, கஞ்சத்தனம்னு நெனைக்காதீங்க. மெழுகு தேய்க்கறது தோல் காஞ்சு வெடிக்காம இருக்க, மழையில முழுசா நனைஞ்ச தோல் மேல அப்படியே உக்காந்து ஓட்டினா அது இழுபட்டு தொங்கிடும், அதனால சின்ன மழைக்கே கவர் மாட்டுவாங்க. மூக்குக்கு அடியில ஒரு நட்டு இருக்கும், தோல் தளர்ந்தா அதை ரொம்ப ரொம்ப கொஞ்சமா திருப்பி இறுக்கணும், அப்பா அதை யாரையும் தொட விட மாட்டார்னா அவர் செய்யறது சரி. நல்லா பாத்துக்கிட்டா இருபது முப்பது வருஷம் தாராளமா வரும்.

அந்த நாப்பது வருஷத்துப் பழசு அநேகமா ஸ்டீல் ஃப்ரேமா இருக்கும். சைக்கிள் குழாய் செய்யற ரெனால்ட்ஸ் கம்பெனியோட 531ன்னு ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க, இருந்தா அவர் ஏன் அதை விட மாட்டேங்கறார்னு புரிஞ்சுடும். மாங்கனீஸ் மாலிப்டினம் சேத்த ஸ்டீல் குழாய் அது, 1935ல வந்தது, அதுக்கப்புறம் பல பத்து வருஷம் நல்ல சைக்கிள்னாலே அந்த நம்பர்தான். குழாயோட ரெண்டு முனையும் தடிமனா, நடுவுல மெல்லிசா இருக்கும், ஜாயின்ட் வர்ற எடத்துல பலம், மத்த எடத்துல வெயிட் கம்மி, அந்தக் குழாய்க்கான பேட்டன்டை ரெனால்ட்ஸ் 1897லயே வாங்கிட்டாங்க. ஒட்டு மொத்தமா ஸ்டீலோட பெரிய குணம் என்னன்னா அதை சரி பண்ண முடியும், வளைஞ்சா நிமித்தலாம், ஒரு குழாய் போச்சுன்னா அதை மட்டும் எடுத்துட்டு வேற வெச்சு பத்த வைக்கலாம், துருவை மட்டும் கவனிச்சா ஒரு ஆயுசுக்கு மேல நிக்கும். கார்பன் லேசா இருக்கும், வேகமா இருக்கும், நான் குறை சொல்லலை, ஆனா உள்ள விரிசல் விட்டா வெளிய தெரியறது கஷ்டம்.

இன்னொரு விஷயம் இருக்கு, அதைப் பிள்ளைங்க யாரும் யோசிக்கறதில்லை. இன்னைக்கு அறுபத்தஞ்சு எழுபதுல இருக்கறவங்களுக்கு பதினெட்டு இருபது வயசா இருந்தப்போ காம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்ட்ங்கற சைக்கிள் பார்ட்ஸ் செட்டுன்னா படத்துல பாக்கறதோட சரி. டூலியோ காம்பன்யோலோங்கற இத்தாலிக்காரர், வீலைச் சட்டுனு கழட்டற க்விக் ரிலீஸை 1930ல கொண்டு வந்தவர், 1933ல வீசென்சா ஊர்ல கம்பெனி ஆரம்பிச்சார், அவங்க செஞ்ச டிரெய்லியரும் (செயினை ஒரு பல் சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளி கியர் மாத்தற பாகம்) பெடல் மாட்டற கிராங்கும் பளபளன்னு இருக்கும், அப்போ சம்பளம் இல்லாத பையனால வாங்க முடியாது. அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைங்க படிப்புன்னு முப்பது வருஷம் ஓடிடுது. இப்போதான் கையில நேரமும் கொஞ்சம் காசும் இருக்கு, அன்னைக்கு வாங்க முடியாத டிரெய்லியரை பழைய சாமான் விக்கறவங்ககிட்ட தேடிப் பிடிச்சு வாங்கி, டூத் பிரஷ்ஷால தேச்சு, மாட்டிப் பாக்கறார். அதுல என்ன தப்பு சொல்லுங்க?

இந்த ஆசைக்குன்னே ஒரு விழா நடக்குது. இத்தாலியில டஸ்கனி பக்கம் கயோலே இன் கியாந்தின்னு ஒரு சின்ன ஊர், அங்க 1997ல இருந்து லெரோய்கான்னு ஒரு ஓட்டம் நடத்தறாங்க, வெள்ளை மண் ரோட்டுல, 1987க்கு முன்னாடி செஞ்ச மாதிரி சைக்கிள்தான் வரணும், கியர் லீவர் ஃப்ரேம் குழாய் மேல இருக்கணும், பெடல்ல பழைய காலத்து கிளிப்பும் வாரும் இருக்கணும், பிரேக் கேபிள் வெளிய தெரியணும், கம்பளி ஜெர்சி போட்டுக்கிட்டு ஆயிரக்கணக்கான பேர் வர்றாங்க. அந்த லீவர்ல கிளிக் எல்லாம் கிடையாது, எவ்வளவு தள்ளணும்னு விரலுக்கும் காதுக்கும்தான் தெரியும், கொஞ்சம் கூடப் போனா செயின் கரகரன்னு சத்தம் போடும், கை தன்னால திருத்திக்கும். 1980கள் நடுவுல ஷிமானோ கம்பெனி கிளிக் கியரை நல்லா வேலை செய்யற மாதிரி கொண்டு வந்ததும் இந்தக் கைப்பழக்கம் தேவையில்லாம போச்சு, ஆனா அது கையில இருக்கறவங்களுக்கு அதோட சுகமே தனி.

ஞாயித்துக்கிழமை தரையில பேப்பர் விரிச்சு சைக்கிளைப் பிரிச்சுப் போட்டுடறார்னு நீங்க சொல்லலை, ஆனா கண்டிப்பா பண்ணுவார். ஆக்ஸிலைக் கழட்டி பால்ரஸை எல்லாம் மண்ணெண்ணெயில கழுவி, ஒவ்வொண்ணா பாத்து, தேஞ்சது சொரசொரப்பானதை ஒதுக்கிட்டு, புது கிரீஸ் வெச்சு திரும்ப அடுக்கி, பால்ரஸை அழுத்திப் பிடிக்கற கோனை ஆட்டமும் இல்லாம டைட்டும் இல்லாம நிறுத்தறது சாதாரண வேலை இல்லை, கடையில அவசரத்துல பண்றவங்க முக்காவாசி பேர் அதை டைட்டா விட்டுடுவாங்க. வீல்ல கோட்டம் எடுக்கறதும் அப்படித்தான், ஸ்போக்ஸ் நிப்பிளை கால் சுத்து திருப்பணும், வீலைச் சுத்தி பாக்கணும், மறுபடி கால் சுத்து, பொறுமை இல்லாதவங்களுக்கு வராது. செயினை அளக்கறதும் பண்ணுவார், ஸ்கேலை வெச்சு ஒரு பின்னுல இருந்து 24 பின் தள்ளி அளந்தா சரியா 12 இன்ச் வரணும், பன்னெண்டோட ஒரு இன்ச்சுல பதினாறுல ஒரு பங்கு கூடுச்சுன்னா செயினை மாத்திடணும், எட்டுல ஒரு பங்கு வரைக்கும் விட்டா ஃப்ரீவீல் பல்லும் சேந்து தேஞ்சுடும், அப்புறம் ரெண்டையும் மாத்தணும். வேலையில இருந்த காலத்துல செஞ்சது எதுவுமே கண்ணு முன்னாடி முடிஞ்சு நிக்கறதைப் பாத்திருக்க மாட்டாங்க பல பேர். இங்க ஒரு காலைப்பொழுதுல வீல் சத்தமில்லாம சுத்தறதைப் பாத்துடலாம். தரையில கிரீஸ் கறை படுதுன்னு கோவம் வந்தா பழைய மேட் ஒண்ணு போட்டுக் குடுங்க, வேலையை நிறுத்தச் சொல்லாதீங்க.

நோட்டு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இதுதான். வயசானவங்க கணக்கு எழுதறதுக்கு பெரிய முன்னோடி ஒருத்தர் இருக்கார், ஆர்தர் எடிங்டன், 1919 சூரிய கிரகணத்துல நட்சத்திர வெளிச்சம் வளையறதை அளந்து ஐன்ஸ்டைன் சொன்னது சரின்னு காட்டினாரே அந்த விஞ்ஞானி. அவர் தீவிரமான சைக்கிள்காரர், தனக்குன்னு ஒரு எண் வெச்சிருந்தார், அதை இப்போ எல்லாரும் எடிங்டன் எண்ணுன்னு சொல்றோம். கணக்கு இதுதான்: 50 நாளாவது, ஒவ்வொரு நாளும் 50 மைலோ அதுக்கு மேலயோ ஓட்டியிருந்தா உங்க எண் 50. அதை 51 ஆக்கணும்னா, சரியா 50 மைல் ஓட்டின நாளெல்லாம் கணக்குல இருந்து விழுந்துடும், 51 மைலோ அதுக்கு மேலயோ ஓட்டின நாள் 51 வேணும். அதனால எண் ஏற ஏற அடுத்த படி கஷ்டமாகிக்கிட்டே போகும். வானியல் விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகருக்கு 1938ல எழுதின கடிதத்துல எடிங்டன் தன் எண் இன்னும் 75லயே நிக்குதுன்னும், 74 முக்கால் மைல் ரெண்டு தடவை ஓட்டினது கணக்குல சேரலைன்னும் எழுதியிருக்கார். ரெண்டு பேருக்கும் நடுவுல நட்சத்திரம் எப்படி சாகும்ங்கறதுல 1935ல அவ்வளவு பெரிய கருத்து மோதல் நடந்திருக்கு, அதுக்கப்புறமும் சைக்கிள் கணக்கைப் பகிர்ந்துக்கற அளவுக்கு நட்பு இருந்திருக்கு பாருங்க. 1944ல அவர் இறந்தப்போ எண் 84.

இந்த எண்ணோட அழகு வயசானவங்களுக்குத்தான் நல்லா புரியும். வேகம் வருஷா வருஷம் குறையும், மேட்டுல எடுக்கற நேரம் கூடும், எந்தக் கணக்கு வெச்சாலும் கீழதான் போகும், ஆனா எடிங்டன் எண் ஒரு நாளும் கீழ இறங்காது. முப்பது வயசுல ஓட்டின நீளமான நாளும் இன்னைக்கு ஓட்டினதும் ஒரே நோட்டுல பக்கத்துல பக்கத்துல நிக்கும். மைலுக்குப் பதிலா கிலோமீட்டர்ல வெச்சாலும் தப்பில்லை, அப்பா எதுல எழுதறார்னு கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவார். பிறந்தநாள் அன்னைக்கு வயசு எவ்வளவோ அவ்வளவு கிலோமீட்டர் ஓட்டறதுன்னு இன்னொரு பழக்கமும் பல பேருக்கு உண்டு. 66ன்னா 66. அடுத்த வருஷம் ஒண்ணு கூடும், உடம்பு கொஞ்சம் குறையும், ரெண்டும் எங்க சந்திக்குதுன்னு பாக்கற சுவாரஸ்யம் அது.

ஃப்ரெண்ட்ஸ் கூட்டத்துல யாராவது ப்ரவே, ஆடாக்ஸ்னு பேசினா அதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஏன்னா சீக்கிரமே அப்பாவும் அதுல இறங்கலாம். குறிச்ச நேரத்துக்குள்ள நீள தூரத்தை ஓட்டி முடிக்கற ஓட்டம் அது, ரேஸ் இல்லை. 200 கிலோமீட்டரை பதிமூணரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி, அட்டையில வழியில முத்திரை வாங்கிக்கிட்டே போகணும், முதல்ல வந்தவருக்கும் கடைசில வந்தவருக்கும் ஒரே மரியாதை. ரொம்ப வேகமா போனாலும் முத்திரை குடுக்கற இடம் திறந்திருக்காது. இதோட பெரிய திருவிழா பாரிஸ் ப்ரெஸ்ட் பாரிஸ், 1891ல ரேஸா ஆரம்பிச்சது, சார்ல்ஸ் டெரோன் 71 மணி 22 நிமிஷத்துல ஜெயிச்சார், இப்போ நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ரேஸ் இல்லாம நடக்குது, 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். அதுல அறுபது எழுபது வயசுக்காரங்க முடிக்கறது அதிசயமே இல்லை. காரணம், இங்க வேகத்தை விட நிதானம்தான் ஜெயிக்கும், எங்க கொஞ்சம் தூங்கணும், எந்த மேட்டுல இறங்கித் தள்ளினாலும் பரவாயில்லைன்னு தெரியணும், இளவட்டம் முதல் 100 கிலோமீட்டர்ல பறந்துட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு ஓரமா உக்காந்திருக்கும், பெரியவர் அதே வேகத்துல கடந்து போவார். பால் த விவின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1853ல பிறந்து 1930ல இறந்தவர், வெலோசியோங்கற பேர்ல எழுதினவர், நீளமா ஓட்டறவங்களுக்கு சில விதி சொல்லி வெச்சார், அதுல முக்கியமானது பசிக்கறதுக்கு முன்னாடி சாப்பிடு, தாகம் எடுக்கறதுக்கு முன்னாடி குடி. வயசாக ஆக தாகம் எடுக்கற உணர்வே மங்கிடும்ங்கறதால அந்த ரெண்டாவது விதி அப்பாவுக்கு இன்னும் அவசியம், கடிகாரத்தைப் பாத்து குடிக்கச் சொல்லுங்க.

காபி பத்தி நீங்க கொஞ்சம் எரிச்சலோட கேட்ட மாதிரி தெரிஞ்சது. ரெண்டு மணி நேரம் ஓட்டறதுக்கு ஒரு மணி நேரம் பேச்சான்னா, ஆமா, எனக்குத் தெரிஞ்சு இந்த வயசுல அந்த ஒரு மணி நேரத்துக்கும் அதே மதிப்புதான். வேலை நின்னதும் ஒரு மனுஷனோட பேச்சு சட்டுனு பாதியா குறைஞ்சுடும், போன்ல விசாரிக்கறதும் கல்யாண வீட்ல பாக்கறதும் பேச்சு ஆகாது. பக்கத்துல பக்கத்துல ஓட்டறப்போ முகத்தைப் பாக்க வேண்டியதில்லை, அதனாலயோ என்னவோ, மனைவி போனதையும் பையனோட பேச்சு நின்னதையும் புராஸ்டேட் டெஸ்ட் ரிசல்ட்டையும் ஆம்பளைங்க சைக்கிள் மேலதான் வாய் விட்டு சொல்லி நான் கேட்டிருக்கேன், அது காபி மேஜையில தொடரும். ஒருத்தர் ரெண்டு நாள் வரலைன்னா மூணாவது நாள் வீட்டுக்கே போய் பாத்துடுவாங்க. கூட ஒரு இனிப்பு சாப்பிட்டாலும் சர்க்கரை வியாதி இல்லாத ஆளுக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டினப்புறம் அது பெரிய விஷயம் இல்லை, வியாதி இருந்தா, அதுவும் இன்சுலினோ சர்க்கரையை சட்டுனு இறக்கற மாத்திரையோ எடுத்தா, ஓட்டறப்போ சர்க்கரை இறங்கற ஆபத்துதான் முதல்ல, பாக்கெட்ல இனிப்பு ஏதாவது இருக்கணும், டாக்டர்கிட்ட ஓட்டற விஷயத்தைச் சொல்லியே மருந்தளவு பேசணும். காஃபீன் பாதி குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், அதனால காலை காபி ஓகே, சாயங்கால ரவுண்டுக்கு அப்புறம் குடிச்சா தூக்கம் கெடும்.

உடம்புக்கு ஆகுமாங்கறதுக்கு ரெண்டு விஷயம் சொல்றேன். ராபர்ட் மார்ஷான்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1911ல பிறந்தார், 2012ல 100 வயசுல ஒரு மணி நேரத்துல 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். ரெண்டு வருஷம் கழிச்சு 102 வயசுல அதே ஒரு மணி நேரத்துல 26.927 கிலோமீட்டர். அதாவது வயசு கூடி தூரமும் கூடியிருக்கு. வெரோனிக் பிலாங்கற உடலியல் ஆராய்ச்சியாளர் நடுவுல அவருக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் குடுத்து அளந்தாங்க, பெரும்பகுதி லேசா, அஞ்சுல ஒரு பங்கு மட்டும் கஷ்டப்பட்டு ஓட்டற மாதிரி. 101ல இருந்து 103 வயசுக்குள்ள உடம்பு அதிகபட்சமா எடுத்துக்கற ஆக்ஸிஜன் அளவு, வீஓ2 மேக்ஸ்னு சொல்வாங்களே, அது ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 31 மில்லிலிட்டர்ல இருந்து 35 ஆச்சு. 105 வயசுல 2017ல மறுபடி 22.547 கிலோமீட்டர் ஓட்டினார், 2021ல 109 வயசுல இறந்தார். அவர் ஒரு தனிப்பிறவி, எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்ல வரலை, ஆனா நூறு வயசு உடம்பும் பயிற்சிக்கு பதில் சொல்லும்ங்கறது தெரிஞ்சுடுச்சு.

ரெண்டாவது இன்னும் சாதாரண ஆளுங்களைப் பத்தினது. லண்டன் கிங்ஸ் காலேஜும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் சேந்து 55ல இருந்து 79 வயசு வரைக்கும் உள்ள 125 சைக்கிள்காரங்களை ஆராய்ஞ்சாங்க, யாரும் ப்ரொஃபெஷனல் இல்லை, ஆம்பளைங்கன்னா 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள்ள, பொம்பளைங்கன்னா 60 கிலோமீட்டரை அஞ்சரை மணி நேரத்துக்குள்ள ஓட்ட முடிஞ்சவங்க, அவ்வளவுதான் தகுதி. தைமஸ்னு நெஞ்சுக்கூட்டுல ஒரு சுரப்பி, டி செல்லுங்கற எதிர்ப்பு சக்தி அணுக்கள் தயாராகற இடம், அது இருபது வயசுக்கு மேல சுருங்க ஆரம்பிச்சுடும். இவங்க உடம்புல புதுசா வர்ற டி செல் கிட்டத்தட்ட இளைஞர்கள் அளவுக்கு இருந்ததா 2018ல வெளியிட்டாங்க, தசையும் வயசோட பெருசா கரையலை. ஒரு நியாயமான கேள்வி இருக்கு, ஆரோக்கியமா இருந்ததாலதான் ஓட்டினாங்களா, ஓட்டினதால ஆரோக்கியமா இருந்தாங்களான்னு, இந்த ஆராய்ச்சியால மட்டும் அதைப் பிரிச்சு சொல்ல முடியாது. அப்பா அந்தத் தகுதியை எட்டற ஆளா இருந்தா மட்டும் சந்தோஷப்படலாம்.

இப்போ கவலைப்பட வேண்டிய இடம். முதல்ல எலும்பு. சைக்கிள்ல உடம்பு எடை சீட்டு மேல உக்காந்துடுது, கால் எலும்புக்கும் முதுகெலும்புக்கும் தட்டுப் படறது இல்லை, அதனால சைக்கிள் மட்டுமே ஓட்டறவங்களுக்கு எலும்பு அடர்த்தி எதிர்பாத்ததை விட கம்மியா இருக்கறது பல ஆராய்ச்சியில வந்திருக்கு. நெஞ்சும் ரத்தக் குழாயும் நாப்பது வயசு மாதிரி இருக்கும், இடுப்பு எலும்பு எழுபது வயசா இருக்கும், ஒரே ஒரு தடவை வழுக்கி விழுந்தா தெரிஞ்சுடும். வாரம் ரெண்டு நாள் வெயிட் தூக்கறது, மாடிப்படி ஏறறது, வேகமா நடக்கறது கண்டிப்பா சேக்கணும். நான் இதை எல்லார்கிட்டயும் சண்டை போட்டு சொல்றேன், காரணம் சைக்கிள்காரங்களுக்கு நடக்கறதுன்னாலே பிடிக்காது.

அடுத்தது இதயம். பல வருஷம் நீளமா கஷ்டப்பட்டு ஓட்டின ஆம்பளைங்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு துடிப்பு தாறுமாறா போற பிரச்சனை கொஞ்சம் கூடுதலா வருது, நெஞ்சு படபடன்னு ஒழுங்கில்லாம அடிச்சா, காரணமே இல்லாம திடீர்னு மேட்டுல சக்தி போயிட்டா, அதை வயசுன்னு விட்டுடாம இசிஜி எடுக்கணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தா, தலையில சின்ன அடியா இருந்தாலும் ஆஸ்பத்திரி போயே ஆகணும், ஹெல்மெட்ல பேச்சுக்கே இடமில்லை. பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் எடுக்கறவங்களுக்கு அந்த மாத்திரையே துடிப்பை அமுக்கி வெச்சிருக்கும், வாட்ச்ல காட்டற ஹார்ட் ரேட்டை நம்பி ஓட்டினா ஏமாந்துடுவாங்க, பேச முடியுதா இல்லையாங்கறதை வெச்சு அளவு பாக்கறது மேல்.

கை சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போச்சுன்னா உள்ளங்கை ஓரத்துல ஓடற நரம்பு ஹேண்டில்பார்ல அமுங்குதுன்னு அர்த்தம், ஹேண்டில்பாரை ஒசத்தி கிட்ட கொண்டு வரணும், கையுறை தடியா போடணும். முட்டி வலிச்சா முதல்ல சீட்டு உயரத்தையும் கியரையும் பாக்கணும், பெரிய கியர்ல அழுத்தி மிதிக்கறதை விட்டுட்டு முன்னாடி பல் சக்கரத்துல பல்லு கம்மியான, 46 பல்லும் 30 பல்லும் இருக்கற மாதிரி செட்டு போட்டா மேட்டுல கால் சுலபமா சுத்தும், இதை மாத்தறதுக்கு பல பேர் கௌரவம் பாக்கறாங்க, பாக்க வேண்டாம். 23 மில்லிமீட்டர் டயர் மேல இருக்கற பழைய நம்பிக்கையையும் விடலாம், 28 இல்லைன்னா 32 போட்டு காத்தைக் கொஞ்சம் கம்மியா வெச்சா கரடு முரடு ரோட்டுல வேகமும் குறையாது, முதுகும் தப்பிக்கும். கழுத்து முழுசா திரும்பலைன்னா ஹேண்டில்பார் கண்ணாடி. காலைத் தூக்கிப் போடறதுக்கு இடுப்பு ஒத்துழைக்கலைன்னா சைக்கிளை ஒரு பக்கம் சாய்ச்சு ஏறணும், அதுவும் முடியலைன்னா நடு பார் தாழ்வா இருக்கற ஃப்ரேம், ஏறி இறங்கறப்போ விழறதும் இந்த வயசுல நடக்கறதுதான்.

பேட்டரி சைக்கிள் வேணுமான்னு நீங்க கேக்கலை, ஆனா ஒரு நாள் அந்தப் பேச்சு வரும், ஃப்ரெண்ட்ஸ் கூட்டத்துல அதை வெச்சு ரெண்டு கட்சியே இருக்கும். என் பக்கம் தெளிவு, மேட்டுல கூட வர்றவங்களோட சேந்து போக முடியாம ஒருத்தர் வீட்லயே உக்காந்துடப் போறார்னா அன்னைக்கே மோட்டர் போட்டுடணும். ஐரோப்பிய விதிப்படி 250 வாட் மோட்டர், மிதிச்சாதான் உதவி வரும், மணிக்கு 25 கிலோமீட்டர் தாண்டினா நின்னுடும், அதனால அது பைக் ஆகிடாது, மூச்சு வாங்கத்தான் செய்யும். வெயிட் மட்டும் ஜாஸ்தி, நிறுத்தறதும் தள்ளறதும் பழகிக்கணும்.

பிறந்தநாளுக்கு கார்பன் சைக்கிள் வேண்டாம், கேக்காம சைக்கிளே வாங்காதீங்க, சீட்டும் வாங்காதீங்க, அது ரெண்டும் அவரோட உடம்பு சம்பந்தப்பட்டது. அதுக்குப் பதிலா பகல்லயும் தூரத்துல இருந்து தெரியற நல்ல பின் லைட்டு ஒண்ணு, ஹேண்டில்பார் கண்ணாடி, நல்ல அகலமான டயர் ஒரு ஜோடி. வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பழைய ஃப்ரேம்ல எந்த அகலம் வரைக்கும் உள்ள போகும்னு அவர்கிட்டயே கேளுங்க, பின் வீலுக்கு ரெண்டு பக்கமும் போற செயின் ஸ்டே குழாய்க்கு நடுவுலயும் பிரேக்குக்கு அடியிலயும் இடம் பாக்கணும். இன்னும் கொஞ்சம் செலவு பண்ண முடியும்னா, சீட்டு உயரம், ஹேண்டில்பார் தூரம் எல்லாம் அளந்து அவர் இப்போ இருக்கற உடம்புக்கு ஏத்த மாதிரி அந்தப் பழைய சைக்கிளையே செட் பண்ணித் தர்ற ஆள்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. நாப்பது வருஷம் முன்னாடி வெச்ச ஸ்டெம்மோட, அதாவது ஹேண்டில்பாரைப் பிடிச்சு நிறுத்தற பாகத்தோட நீளம் இன்னைக்கு அவர் முதுகுக்கு ஒத்து வராது, ஸ்டெம்மை மட்டும் சின்னதா மாத்தி ஒசத்தினா போதும், கழட்டின பழைய ஸ்டெம்மைத் தூக்கிப் போட்டுடாம அவர் கையிலயே குடுத்துடுங்க.